பதினைந்தாவது சோப்பா

“அண்ணே, பாதரே உங்க பேரைச் சொல்லிக் கேட்டாரு. சாயங்காலம் உங்க சோப்பாவைத்தான் முதல்ல சாப்பிடப் போறாராம்!”

கோயில் அலுவலகத்திலிருந்து யூஃபேலியா போனில் இப்படிச் சொன்னதும், ஓனோஃப்ரே லுசேரோ போனைக் கீழே வைக்கவில்லை. போனோடு சேர்ந்து அவரே கீழே உட்கார்ந்துவிட்டார்.

சோப்பா என்றதும் கூடத்தில் போட்டு உட்காருகிற சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் எல் சௌஸ் பள்ளத்தாக்கில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் செய்யும் இனிப்பு அது. ரொட்டியை வறுத்து, நடுவில் சீஸும் உலர்ந்த திராட்சையும் அடுக்கி, பட்டைத்தூள் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை மேலே ஊற்றி ஓவனில் வைத்தால் சோப்பா. நியூ மெக்சிகோவைத் தாண்டிப் போனால் இதற்கே வேறு பேர் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

“இந்த ஒரு வாரமா பாதர் வேற பேச்சே பேசல, அண்ணே,” என்று யூஃபேலியா தொடர்ந்தாள். “தவக்காலம் வந்தா அவங்கம்மா ரொட்டியைப் போட்டு சுடச்சுட சோப்பா செஞ்சு தருவாங்களாம். ஸ்பெயினை விட்டு வந்ததுலேர்ந்து ஒரு வாய் கிடைக்கலையாம். சொல்லும்போதே கண்ணை மூடிக்கிறாரு, பாவம். நான்தான் சொன்னேன், எங்க ஊர்ல சோப்பான்னா ஓனோஃப்ரே அண்ணன்தான்னு. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, இன்னிக்கு எல்லாரும் சோப்பாவே கொண்டு வாங்கன்னு சொல்லிட்டேன்.”

“எல்லாருமா? எத்தனை பேரு?”

“உங்களோட சேர்த்து பதினஞ்சு!”

பாதர் ஃபெர்மின் ஜனவரியில்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். அவர் பேசுவதும் ஸ்பானிஷ், நாங்கள் பேசுவதும் ஸ்பானிஷ். இருந்தும் அவருடைய பிரசங்கத்தில் பாதி எங்களுக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டி வைப்போம்.

மணி பத்து. ஐந்துக்கு சிலுவைப்பாதை, ஆறுக்குக் கோயில் கூடத்தில் சாப்பாடு. எட்டு மணி நேரம் இருக்கிறதே, ஒரு சோப்பாவுக்கு இது போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் ஓனோஃப்ரே தன் அறுபத்தொரு வயதில் ஒரு தடவைகூட சோப்பா செய்தது கிடையாது.

அவருக்கு அந்தப் பேர் வந்த கதை ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. பக்கத்து வீட்டு டொமிங்கா விஹிலுக்கு முழங்கால் வலி. அவள் செய்த சோப்பாத் தட்டை ஓனோஃப்ரேதான் கோயில் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். போன கையோடு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஃபிலிமோன் சாவேஸ், “மாப்ளே, நீயா செஞ்ச? பிரமாதம்!” என்றார். வாய் நிறைய சோப்பா. ‘பிரமாதம்’ என்பதற்குத் தலையை ஆட்டினார் ஓனோஃப்ரே. ‘நீயா செஞ்ச’ என்பதற்கு ஆட்டியதாக ஊர் எடுத்துக்கொண்டு கைதட்டியது. மென்று விழுங்கி முடிப்பதற்குள் நான்கு பேர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

டொமிங்கா கோபித்துக்கொள்ளவில்லை. “சரி விடு தம்பி. வசந்தத்துல என் வீட்டுப் பங்குக்கும் சேர்த்து நீ வாய்க்கால் தூர் வாரிடு. உன் பேருக்கு நான் சோப்பா செஞ்சுடறேன்,” என்றாள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வாரியாக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவள் தனியாள், முழங்காலும் ஒத்துழைக்காது. எட்டு வசந்தம் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது.

இந்த வருடம் ஓனோஃப்ரேக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தன் பங்கையே முக்கி முனகித்தான் முடித்தார். டொமிங்காவின் பங்கு அப்படியே நின்றுவிட்டது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு வாய்க்கால் மேஸ்திரியும் ஓனோஃப்ரேதான். தூர் வார ஆள் அனுப்பாத வீட்டுக்கு முறைத்தண்ணீர் கடைசியில்தான் என்பது சட்டம். கடமை தவறாத மேஸ்திரி, டொமிங்காவின் முறையைக் கடைசிக்குத் தள்ளினார். வராமல் போன ஆள் தானேதான் என்பது சட்டத்தில் எங்கும் இல்லையே!

அவர் வேலி ஓரம் போய் நின்றபோது டொமிங்கா வீட்டு ஓவனிலிருந்து பட்டை வாசனை ஆளைத் தூக்கியது.

“அக்கா, எனக்கும் ஒரு தட்டு…”

“யாரு அது? மேஸ்திரி ஐயாங்களா? வாங்க வாங்க. சோப்பாவா? குடுக்கலாமே. ஆனா பாருங்க, உங்க முறை கடைசியிலல்ல இருக்கு.”

“அக்கா, பாதர் கேட்டிருக்காரு அக்கா.”

“கேக்கட்டும். இந்த வருஷம் என் தட்டு என் பேர்ல வரும். உன் தட்டு உன் பேர்ல வரட்டும்.”

“ஊர் முன்னாடி என்னை மாட்டி விடப் போறியா?”

“நான் எதுக்குடா வாயைத் திறக்கணும்? உன் தட்டே எல்லாத்தையும் சொல்லிடும்.” ஜன்னல் படீரென்று மூடிக்கொண்டது.

வருகிற ஞாயிறு மேஸ்திரி தேர்தல். ஃபிலிமோன் எதிர்த்து நிற்கிறார். எங்கள் வாய்க்காலில் இன்னாருக்கு இவ்வளவு தண்ணீர் என்பதற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல்தான் கணக்கு. ‘உன் நேரம் முடிஞ்சுது’ என்று அவர் சொன்னால் மடையை மூட வேண்டும். இனிப்பில் ஒன்பது வருடம் பொய் சொன்னவர் தண்ணீரில் சொல்லியிருக்க மாட்டாரா என்று ஊர் கேட்கும். பெண்டாட்டி பிள்ளை இல்லாத அந்த மனிதருக்குக் காலையில் எழுந்து போய்ப் பார்ப்பதற்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த வாய்க்கால் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால்?

“நானே செஞ்சா என்ன?” என்று உரக்கச் சொல்லிக்கொண்டார். போனில் தேடினார். ‘விருந்துக்குக் கொண்டுபோக எளிய இனிப்பு வகைகள்’ என்று ஒரு பக்கம் வந்தது. ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம், தவறவே வழியில்லை’ என்று அதில் போட்டிருந்தது. அதை எழுதியவருக்கு ஓனோஃப்ரேயைத் தெரியாது.

முதலில் வேண்டியது ரொட்டி. கடைக்குப் போனால் ரொட்டி அலமாரி துடைத்து விட்டதுபோல் இருந்தது. யூஃபேலியாவின் போன் வேலை! சீஸ் இல்லை. திராட்சை இல்லை. குளிர்பெட்டியின் அடியில் நீளநீளமாக நான்கு பூண்டு ரொட்டிகள் மட்டும் உறைந்து கிடந்தன. பூண்டைச் சுரண்டிவிட்டால் ரொட்டி ரொட்டிதானே என்று நான்கையும் அள்ளிக்கொண்டார்.

“என்ன மாப்ளே, பூண்டு ரொட்டி?” ஃபிலிமோன் பின்னால் நின்றார். அவர் தள்ளுவண்டியில் கடையின் கடைசித் திராட்சைப் பொட்டலங்கள் மூன்றும் இருந்தன.

“அது… எனக்கு. மதியத்துக்கு.”

“நாலையுமா? உடம்பைப் பாத்துக்க. நானும் இன்னிக்கு முதல் தடவையா சோப்பா போடறேன். ஆனா உன் சோப்பா முன்னாடி நிக்குமா? ஞாயித்துக்கிழமையாவது உன்னை ஜெயிக்கிறேனா பாக்கலாம்!” என்று சிரித்தபடி போய்விட்டார்.

பூண்டைச் சுரண்டுவது நினைத்த மாதிரி இல்லை. சுரண்டச் சுரண்ட அது ரொட்டிக்குள்ளேதான் இறங்கியது. வறுத்தபோது வாசனை இரண்டு மடங்காகி வீடு முழுக்க நிறைந்தது. அரை மணி நேரத்தில் ஓனோஃப்ரேயின் மூக்கு செத்துப்போய், வாசனையே இல்லை என்று அவரிடம் சொன்னது. அவரும் நம்பிவிட்டார்.

அடுத்தது பாகு. வீட்டில் இருந்ததே ஒரு கிண்ணம் சர்க்கரை. ‘பொன்னிறமானதும் இறக்கவும்’ என்று போனில் இருந்தது. பொன்னிறம் என்றால் எந்த நிறம் என்று பார்க்கக் கண்ணாடியைத் தேடப் போனார். கண்ணாடி தலைமேல்தான் இருந்தது. அது தெரிந்து திரும்பி வருவதற்குள் சர்க்கரை தார் ஆகி, சட்டியும் அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தன. ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

“போகட்டும். பட்டைத் தண்ணியாவது ஊத்துவோம். ரொட்டியில கொஞ்சம் தித்திப்பு இருக்கத்தானே செய்யும்?”

ரொட்டியில் இருந்தது பூண்டு.

அலமாரியில் ‘பட்டைத்தூள்’ என்று சீட்டு ஒட்டிய ஜாடியை எடுத்தார். நாலு கரண்டியைக் கொதிக்கிற நீரில் போட்டார். நிறம் அழகாகச் சிவந்து வந்தது. இங்கேதான் எங்கள் ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. இலையுதிர் காலத்தில் மிளகாய் அரைத்து வந்தால் வீட்டில் இருக்கிற ஜாடிகள் போதாது. கையில் கிடைத்த ஜாடியைக் காலி செய்து அதில் கொட்டுவோம், சீட்டை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்த ‘அப்புறம்’ எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் வந்ததில்லை. காப்பி என்று எழுதியதைத் திறந்தாலும் மிளகாய்த்தூள், பொத்தான் டப்பாவைத் திறந்தாலும் மிளகாய்த்தூள்.

ரொட்டி மேல் ஊற்றிவிட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தார். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. குழாயில் வாயை வைத்தவர் இரண்டு நிமிடம் எடுக்கவில்லை.

காரத்துக்கு மருந்து தண்ணீர் என்று தட்டிலும் தண்ணீர் ஊற்றினார். ரொட்டி உப்பி, தட்டு வழிந்து, தரையில் ஓடியது. வாய்க்கால் வேலையன்று ஆட்களுக்கு அவரைக்கொட்டை வேகவைக்கும் பெரிய பானையை இழுத்து, எல்லாவற்றையும் அதில் கவிழ்த்தார். இன்னும் தண்ணீர். காரம் அடங்கியது, ஆனால் ரொட்டி மிதந்தது. ‘கெட்டிப்பட முட்டை சேர்க்கலாம்’ என்றது போன். ஆறு முட்டைகளை உடைத்து ஊற்றினார். அவை கெட்டிப்படுத்தவில்லை. வெள்ளையாகத் திரிந்து அங்கங்கே தொங்கின. ‘ஒரு சிட்டிகை உப்பு தித்திப்பைத் தூக்கிக் கொடுக்கும்’ என்று கடைசி வரி. இல்லாத தித்திப்பைத் தூக்க ஒரு சிட்டிகை போதாது என்று ஒரு கை அள்ளிப் போட்டார்.

மணி நாலரை. பானைக்குள் எட்டிப் பார்த்தார். சிவப்பாக ஒன்று அவரைத் திரும்பிப் பார்த்தது. இடுப்பு வலி என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசிக்கையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

“மாப்ளே! உனக்கு இடுப்பு வலின்னு சொன்னாங்க. தட்டைத் தூக்கக் கஷ்டப்படுவியேன்னு வந்தேன்,” என்றபடி ஃபிலிமோன் உள்ளே வந்தார். பானையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “சோப்பா பானையிலயா?”

“அது… பழைய முறை.”

“பூண்டு வாசனை வருதே?”

“மதியம் சாப்பிட்டேன்ல.”

ஓனோஃப்ரே மூடியைத் துண்டால் இறுக்கிக் கட்டி, ஃபிலிமோனின் வண்டியிலேயே கோயிலுக்குக் கொண்டுபோய், சிலுவைப்பாதை முடிகிற வரைக்கும் பானையைக் கூடத்துச் சமையலறையில் கழற்றி மாட்டியிருந்த கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பதினான்கு தலத்திலும் ஓனோஃப்ரே முழங்காலிட்ட பக்தியைப் பார்த்து ஊரே நெகிழ்ந்தது.

ஆறு மணிக்குக் கூடத்தில் நீள மேஜை. அதில் வரிசையாகப் பதினான்கு தட்டுகள், பதினான்கும் சோப்பா. பாதர் ஃபெர்மின் கையில் கரண்டியோடு ஆசை ஆசையாக வந்தார். முதல் தட்டில் ஒரு வாய் எடுத்தார். முகம் லேசாக வாடியது. இரண்டாவது தட்டுக்கு நகர்ந்தார்.

“இதுவும் இனிப்பாக இருக்கிறதே,” என்று முணுமுணுத்தார்.

“ஆமா பாதர், நல்ல இனிப்பு!” என்றாள் யூஃபேலியா பெருமையாக.

ஐந்தாவது, ஆறாவது, ஒன்பதாவது. டொமிங்காவின் தட்டில் இரண்டாவது வாய் எடுத்தார். ஆனாலும் முகம் தெளியவில்லை. கூடம் கலவரப்பட்டது. இந்த மனிதருடைய அம்மா அப்படி என்னதான் செய்திருப்பாள்?

“ஓனோஃப்ரேயோடது எங்க? அதான் முதல்ல வரணும்!” என்று யாரோ கத்தினார்கள்.

“நான் எடுத்துட்டு வரேன்,” என்று ஃபிலிமோன் ஓடினார். ஓனோஃப்ரே தடுப்பதற்குள் பானை மேஜைக்கு வந்தது, துண்டு அவிழ்ந்தது, மூடி திறந்தது.

பூண்டு வாசனை கூடத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் போய் உட்கார்ந்தது. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். யூஃபேலியாவின் கையிலிருந்த தட்டுகள் சரிந்தன. சிவப்புத் தண்ணீரில் ரொட்டியும் முட்டையும் மிதப்பதை எழுபது பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“இது ஓனோஃப்ரே செஞ்சதா இருக்காது,” என்றார் ஃபிலிமோன் மெல்ல. எதிர்த்து நின்றாலும் நல்ல மனிதர். “ஒன்பது வருஷம் சாப்பிட்டிருக்கோமே, எனக்குத் தெரியாதா? யாரோ இதுல வேலை காட்டியிருக்காங்க. இவனுக்கு யாரோட தண்ணித் தகராறுன்னு ஊருக்கே தெரியும்.”

எழுபது பேரும் டொமிங்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். டொமிங்காவின் முகம் வெளுத்தது.

ஓனோஃப்ரே தலையை ஆட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு தலையாட்டல். மேஸ்திரி வேலையும் மிஞ்சும், பேரும் மிஞ்சும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆட்டியதுதானே!

“அன்னிக்கு வாய் நிறைய சோப்பா இருந்துது,” என்றார். “இன்னிக்கு வாய் காலியாத்தான் இருக்கு, சொல்லிடறேன். இத்தனை வருஷம் நீங்க சாப்பிட்டது டொமிங்கா அக்கா செஞ்சது. எனக்கு சோப்பா செய்யவே தெரியாது. இந்தக் கண்றாவிதான் நான் செஞ்சது. அப்புறம்… அவங்க வீட்டுக்கு வாய்க்கால் தூர் வார வர வேண்டிய ஆளும் நான்தான். நான் போகாம இருந்துட்டு, அவங்க முறையை நானே கடைசிக்குத் தள்ளினேன்.”

எல்லாவற்றையும் விட இந்தக் கடைசி விஷயம்தான் ஊரை உலுக்கிவிட்டது. ஃபிலிமோன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, சோப்பாவுலேயே ஒன்பது வருஷம் ஏமாத்தியிருக்கேன்னா… தண்ணியில?”

“தண்ணியில அந்த ஒண்ணுதான். சத்தியமா.”

“ஞாயித்துக்கிழமை ஊரு கேட்டுக்கும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஓனோஃப்ரே தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், வாய்க்கால் போயிற்று.

டொமிங்கா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பானைக்குள் எட்டிப் பார்த்தாள். “ஒண்ணு மட்டும் நான் எங்க வேணா சத்தியம் பண்ணுவேன். இதை நிச்சயமா இவன் ஒருத்தன்தான் செஞ்சான். வேற யாராலயும் முடியாது.”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கிண்ணத்தைக் கரண்டி சுரண்டுகிற சத்தம்.

பாதர் ஃபெர்மின் பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் காலியான கிண்ணம் ஒன்று. கையில் இரண்டாவது கிண்ணம். கன்னம் இரண்டிலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஐயையோ, காரம்! தண்ணி கொண்டாங்க!” என்று யூஃபேலியா பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கப் போனாள்.

பாதர் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேஜை நீளத்துக்கும் இருந்த பதினான்கு தட்டுகளைக் குழப்பத்தோடு பார்த்தார்.

“பூண்டு, சிவப்பு மிளகாய், ரொட்டி, முட்டை… அப்படியே என் அம்மாவின் கைப்பக்குவம்தான்! ஆமாம், எங்கள் நாட்டில் சோப்பா என்றால் சூப். நான் சூப் கேட்டதற்கு, இவர் ஒருவரைத் தவிர நீங்கள் எல்லோரும் எதற்கு இனிப்பு கொண்டுவந்தீர்கள்?”